கிரீஸ் தடவிய தண்டவாளம்

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. டீயைக்கூட நின்றுகொண்டுதான் குடிப்பேன். பழவேற்காடு ஏரியோரம் எங்கள் குப்பத்துக்கு நான்தான் படகு எஞ்சின் மெக்கானிக். ஓடாத எஞ்சின் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் போதும், அது யாருடையது என்றுகூடக் கேட்க மாட்டேன், பிளக்கைக் கழற்ற ஆரம்பித்துவிடுவேன். இதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன். ஒரு முறை அடி வாங்காமல் தப்பித்தது என் மனைவியின் புண்ணியம். அப்படிப்பட்டவன் வீட்டில் என் பெண் வந்து படுத்துவிட்டாள்.

மூன்று வாரம் லீவு என்று வந்தாள். உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். சாப்பாடு கொண்டுபோய் வைத்தால் பாதி திரும்பி வரும். நான் வாசலுக்கும் அந்தக் கதவுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். கதவைத் தட்டக் கை தூக்குவேன், தட்டாமல் திரும்புவேன், வாசலில் நின்று ஏரியைப் பார்ப்பேன், மறுபடி உள்ளே வருவேன். "தரை தேஞ்சிடும், செத்த உக்காருய்யா" என்றாள் மனைவி.

என் பெண் ரயில் எஞ்சினில் வேலை பார்ப்பவள். கூட்ஸ் வண்டியில் உதவி டிரைவர். எங்கள் குப்பத்தில் படகு எஞ்சின் தெரிந்தவர்கள் நிறையப் பேர், ரயில் எஞ்சினில் ஏறியவள் அவள் ஒருத்திதான். வேலை கிடைத்ததிலிருந்து ஊரில் என்னை எஞ்சின்காரி நைனா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்ததை மறைத்து வைத்துக்கொள்ளத் தெரியாமல், பிளக் மாற்ற வந்தவனிடமெல்லாம் எத்தனை பெட்டி, எத்தனை டன் என்று அளந்துகொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலையில், ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில், அவள் போன வண்டிக்கு முன்னால் ஒருவர் தண்டவாளத்தைக் கடக்க இறங்கிவிட்டார். பாரம் ஏற்றிய கூட்ஸ் வண்டி நினைத்த இடத்தில் நிற்காது. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவள்மேல் தப்பு எதுவும் இல்லை என்று விசாரித்துச் சொல்லிவிட்டு, மனசு ஆறட்டும் என்று லீவு கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பையைக் கீழே வைத்ததும் அவள் சொன்ன முதல் பேச்சு இதுதான்: "இனிமே எஞ்சின்ல ஏற மாட்டேன் நைனா. லீவு முடியறதுக்குள்ள எழுதிக் குடுத்துடுவேன்."

"உட்டுடு கண்ணு" என்றாள் அவள் அம்மா உடனே. "நீ முழுசா வந்தியே, அது போதும். அந்த வேல யாருக்கு வேணும்?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதால் எனக்கும் அதே எண்ணம் என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டார்கள். எனக்கு அந்த எண்ணம் இல்லை. அவள் திரும்பிப் போக வேண்டும் என்றுதான் இருந்தது. அது அவளுக்காகவா, எஞ்சின்காரி நைனா என்று கேட்கும் என் காதுக்காகவா என்று அந்த மூன்று வாரமும் என்னையே கேட்டுக்கொண்டேன். சில நாள் இது, சில நாள் அது. வெட்கமாகத்தான் இருந்தது.

வந்தபோது இரண்டு பையோடு ஓர் அட்டைப் பெட்டியும் கொண்டுவந்திருந்தாள். அதைக் கூடத்தில் ஐஸ் பெட்டிமேல் வைத்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே என்ன என்று எனக்குத் தெரியும். ஒரு முறை அவள் குவார்ட்டர்ஸுக்கு நண்டு கொண்டுபோனபோது மேசைமேல் ஒரு குட்டி ரயில் வட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. வேலை செய்வதும் ரயில், வீட்டுக்கு வந்தால் விளையாட்டும் ரயிலா என்று கேட்டேன். "நீ வூட்ல மிக்ஸியப் பிரிக்கிறல்ல, அதுமாரி" என்றாள்.

நான்காம் நாள் அந்தப் பெட்டியைத் திறந்துவிட்டேன். கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள். உள்ளே பஞ்சில் சுற்றி ஓர் எஞ்சின், என் உள்ளங்கை நீளம்தான் இருக்கும். ஏழெட்டு கூட்ஸ் பெட்டிகள். சாண் நீளத் துண்டு துண்டாகத் தண்டவாளம். வெர்னியர் வைத்து அளந்து பார்த்தேன், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே சரியாக ஒன்பது மில்லிமீட்டர். பிறகு ஒரு கன்ட்ரோலர், திருகினால் வேகம் கூடும், குறையும். பச்சை சிவப்பு விளக்கோடு ஒரு சிக்னல், நடுவிரல் உயரம். எஞ்சினைத் திருப்பி அடியில் பார்த்தேன். அத்தனை பொடிப் பல்சக்கரத்தை யார் கை செய்ததோ. அன்று காலையில் என் பட்டறைக்கு இரண்டு எஞ்சின் வந்திருந்தன, போய் எட்டிப் பார்க்கவில்லை.

பட்டறையில் சாத்தி வைத்திருந்த பிளைவுட் பலகையைக் கூடத்துக்குத் தூக்கி வந்தேன். நான்கு மீன் கிரேட்டைக் கவிழ்த்து, மேலே பலகையைப் போட்டு, மட்டம் பார்த்து, தண்டவாளத்தைக் கோத்தேன். சாயங்காலத்துக்குள் ஒரு நீள்வட்டம் தயார். நன்றாகத்தான் இருந்தது. அதற்கப்புறம்தான் என் புத்தி வேலை செய்தது.

எங்கள் ஊரில் இரும்பு என்றால் கிரீஸ். உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது. ஜன்னல் கம்பி பொரிந்து உதிரும், ஃபேன் இறக்கை ஓட்டையாகும், போன வருஷம் வாங்கிய கேட் இந்த வருஷம் கையோடு வரும். அதனால் ஒரு பொருள் வீட்டுக்குள் வந்ததும் முதல் வேலை கிரீஸ் தடவுவது. என் தையல் மெஷினிலே கைய வெச்சா ரவிக்கை எல்லாம் கறை என்று மனைவி எத்தனையோ தரம் சண்டை போட்டிருக்கிறாள். அந்தப் பழக்கத்தில் டப்பாவைத் திறந்து, மோட்டார் ஷாஃப்ட்டுக்குப் போடுகிற நல்ல கிரீஸாக எடுத்து, ஆள்காட்டி விரலால் ஓர் அங்குலம் விடாமல் இரண்டு தண்டவாளத்துக்கும் மெழுகினேன். தண்டவாளம் பளபளவென்று மின்னியது. பெண் எழுந்து வந்து பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் ஸ்விட்சைப் போட்டுக் கன்ட்ரோலரைத் திருகினேன். எஞ்சின் ஒரு துடி துடித்தது, நின்றது. கையால் தள்ளினேன். ஒரு விரற்கடை போயிற்று, நின்றது. ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன். ஃபியூஸைப் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. முப்பது வருஷமாக எஞ்சினோடு வாழ்கிறவனை உள்ளங்கை நீள எஞ்சின் ஒன்று ஏய்க்கிறது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து எஞ்சினைத் திருப்பிப் பிடித்தேன்.

"அதுமேல கைய வெச்சே, அவ்ளோதான்."

கதவருகில் என் பெண் நின்றுகொண்டிருந்தாள். தலை கலைந்திருந்தது, முகம் வீங்கியிருந்தது. நடந்துவந்து தண்டவாளத்தை விரலால் தொட்டாள், விரலை மூக்கருகே கொண்டுபோனாள்.

"இன்னா தடவின?"

"கிரீஸு."

"எதுக்கு?"

"துருப் புடிக்காம இருக்க."

விரலைத் துடைத்துக்கொண்டாள். "நைனா, எஞ்சினுக்குக் கரண்டு எதுல வருது சொல்லு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தண்டவாளத்தில்தான் கரண்டு. சக்கரம் அதைத் தொட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் இரண்டுக்கும் நடுவே கெட்டிக் கிரீஸைப் பூசி வைத்திருக்கிறேன். பிளக்கில் பொட்டு எண்ணெய் இருந்தாலே படகுக்காரனை வாயில் வந்தபடி திட்டுகிறவன் நான். அவள் சிரிக்கவில்லை. ஆனால் திரும்பிப் போய்ப் படுக்கவும் இல்லை. ஸ்பிரிட் பாட்டிலும் காது குடையும் பஞ்சுக் குச்சியும் கொண்டுவரச் சொன்னாள். அன்று முழுக்க ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து துடைத்தோம்.

நீ வேணும்னுதான் அப்படிச் செஞ்ச, பொண்ண வெளிய இஸ்துட்ட என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். அவ்வளவு கெட்டிக்காரத்தனம் எனக்கு இருந்திருந்தால் நான் ஏன் மெக்கானிக்காக இருக்கப்போகிறேன்.

அடுத்த ஒரு வாரம் வீடு அமர்க்களப்பட்டது. தண்டவாளத்துக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வேண்டும், இல்லாவிட்டால் பலகை அதிர்ந்து சத்தம் போடும் என்றாள். வலையில் கட்டுகிற மிதவையைக் கத்தியால் வில்லை வில்லையாக அரிந்து கொடுத்தேன். "ஷோக்கா இருக்கு" என்றாள். அந்த வார்த்தைக்காக இன்னும் பத்து மிதவையை அரிந்தேன். காலிப் பெட்டிகள் எடை இல்லாமல் வளைவில் கவிழ்ந்தன. வலைக்குக் கோக்கிற ஈயக் குண்டை நசுக்கி, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒட்டினேன், அப்புறம் கவிழவில்லை. தண்டவாளத்துக்கு நடுவே கொட்டுகிற ஜல்லிக்கு மட்டிச் சிப்பியை இடித்துச் சலித்தோம். மாவு சலிக்கிற சல்லடையை எடுத்துவிட்டேன் என்று மனைவி இரண்டு வேளை என்னோடு பேசவில்லை. மூன்றாம் வேளை அவளே வந்து, ஓரத்தில் ஒரு மரம் வைக்கலாமே என்று கிழிந்த பச்சை வலையைச் சுருட்டிக் கொடுத்தாள்.

எனக்குப் பொறுமை கிடையாது. பசை காய்வதற்குள் அடுத்த துண்டை வைப்பேன், அவள் கையைத் தட்டிவிடுவாள். வளைவை இன்னும் இறுக்கமாகப் போடு, இடம் மிச்சமாகும் என்றேன். படகு மாதிரி நினைத்த இடத்தில் திரும்புவதற்கு இது என்ன தண்ணியா என்று கேட்டாள். பேச்சு அவ்வளவுதான். ரயிலைப் பற்றி மட்டும். ஆனாலும் பேச்சு. நேரத்துக்குச் சாப்பிட்டாள். ஒரு ஸ்டேஷன் வைத்தோம், தீப்பெட்டி அட்டையில் பிளாட்பாரம், ஓரத்தில் மெல்லிய மஞ்சள் கோடு. பெயர்ப் பலகை செய்து, எங்கள் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றின் பெயரை, அனுப்பம்பட்டு என்று எழுதப் போனேன். பெயர் எதுவும் வேண்டாம் என்று வாங்கி வைத்துவிட்டாள்.

ஒன்று மட்டும் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. தண்டவாளம் போடுவாள், ஒயர் கோப்பாள், சக்கரத்துக்கு ஊசி முனையில் எண்ணெய் விடுவாள். கன்ட்ரோலரை மட்டும் தொட மாட்டாள். சோதனை ஓட்டம் என்றால், "நீ ஓட்டு நைனா" என்று தள்ளி நிற்பாள். வண்டி ஸ்டேஷனை நெருங்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். லீவு ஒவ்வொரு நாளாகக் கரைந்துகொண்டிருந்தது. எழுதிக் கொடுக்க வேண்டிய கடிதம் பாதி எழுதி அவள் பைக்குள் இருக்கிறது என்று மனைவி சொன்னாள். எனக்கு மறுபடி நடக்க வேண்டும்போல் ஆகிவிட்டது. கூடத்தில் பலகை இருந்ததால் நடக்கவும் இடமில்லை.

அந்தப் பரபரப்பில்தான் ஒரு பொம்மை ஆளைச் செய்தேன். கை சும்மா இருக்காமல், மிதவைத் துண்டில் நகத்தளவு ஒரு மனிதனைச் செதுக்கினேன். படகுப் பெயின்டில் நீலக் கைலி, வெள்ளைச் சட்டை. அது நான்தான். பெண்ணின் வண்டி எப்போது வரும் என்று பார்க்க நிற்கிற நான். வண்டி பார்க்க வந்தவன் எங்கே நிற்பான்? பிளாட்பாரத்தின் கடைசியில், மஞ்சள் கோட்டைத் தாண்டி, எட்டிப் பார்த்துக்கொண்டு. அங்கேதான் ஒட்டினேன். அவளைக் கூப்பிட்டேன், "பாப்பா, இங்க பாரு" என்று கன்ட்ரோலரைத் திருகினேன்.

வண்டி வளைவைத் தாண்டி ஸ்டேஷனுக்கு வந்தது. அவள் இந்த முறை திரும்பிக்கொள்ளவில்லை, நான் பார்க்கச் சொன்னதால் பார்த்துக்கொண்டிருந்தாள். எஞ்சின் அந்த ஆளை நெருங்கியதும் எட்டி ஸ்விட்சை அணைத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது, முன்பெல்லாம் தாழ் போட்டதில்லை.

மனைவி வந்து பலகையைப் பார்த்தாள். அந்த ஆளைப் பார்த்தாள். "அடிபட்டது கைலி கட்டின ஆளுனுதான் பாப்பா போன்ல சொல்லிச்சு" என்றாள் மெதுவாக. "உனக்குத் தெரியாதா?" எனக்குத் தெரியாது. என்னிடம் அதை அவள் சொன்னதில்லை. அந்த ஆளைப் பிய்த்து எடுத்தேன். நசுக்கிப் போடலாம் என்று பார்த்தேன். என்னையே நான் செதுக்கி வைத்தது, நசுக்க வரவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

இரண்டு நாள் அந்தக் கதவு சாத்தியே கிடந்தது. கதவுக்கு வெளியே நின்று, "தெரியாம வெச்சுட்டேன் பாப்பா" என்றேன். அரை மணி கழித்து மறுபடி சொன்னேன். "போய் வேலையப் பாரு நைனா" என்று குரல் வந்தது. இரண்டாம் நாள் ரிப்பேர் முடிந்த எஞ்சின் ஒன்று சோதனை பார்க்கக் காத்திருந்தது. வீட்டைவிட்டு ஓடினால் போதும் என்று படகில் ஏறினேன்.

ஏரியில் தண்ணீர் வற்றியிருந்த சமயம். அப்போது எங்கள் பக்கம் படகு ஓட்டுவதற்கு ஒரு முறை உண்டு. ஒருவன் முன்னால் கோலைப் பிடித்து நின்று தரையைக் குத்திப் பார்த்துக்கொண்டே வருவான். பின்னால் மோட்டாரைப் பிடித்திருப்பவனுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. மணல் தட்டுப்பட்டால் முன்னால் இருப்பவன் "மேடு" என்று குரல் கொடுப்பான். பின்னால் இருப்பவனும் "மேடு" என்று திருப்பிச் சொல்லி மோட்டாரைத் தூக்க வேண்டும். வெறுமனே தூக்கினால் போதாது, திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் கேட்கவில்லை என்று அர்த்தம். என் பட்டறைக்கு உடைந்து வருகிற புரொப்பல்லரில் பாதி, திருப்பிச் சொல்லாத வாயால் உடைந்தவைதான். அன்று நான் மோட்டாரைப் பிடித்திருந்தேன். முன்னால் நின்றவன் மூன்று முறை கத்திவிட்டான், எனக்குக் காதில் விழவில்லை. படகு மணலில் ஏறி நின்றது. "இன்னாண்ணா, உனக்கே இப்படியா" என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இறங்கித் தள்ளினோம்.

இடுப்பு வரை சேறோடு வீடு திரும்பினேன். கதவு திறந்திருந்தது. அவள் கூடத்தில் உட்கார்ந்து தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் உப்புக் காற்றில் கறுத்துவிட்டிருந்தது. என் கோலத்தைப் பார்த்து என்ன என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். மேடு என்று கத்தியதைத் திருப்பிச் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன்.

துடைப்பதை நிறுத்தாமல் அவள் பேசினாள்.

"எஞ்சின்லயும் அதேதான் நைனா. சிக்னல் தெரிஞ்சதும் நான் கைய நீட்டிக் காட்டி, பச்சைனு சத்தமா சொல்லணும். டிரைவரும் பச்சைனு திருப்பிச் சொல்லணும். அன்னிக்கும் நான் சொன்னேன். அவரும் சொன்னாரு. எல்லாம் கரெக்ட்டு. சொல்லிட்டுக் கண்ண இறக்கறேன், பிளாட்பாரம் முடியற எடத்துல அந்த ஆளு எறங்கறாரு. ஹாரனை அமுக்கினேன். அமுக்கிக்கினே இருந்தேன்." பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்தாள். "நான் பச்சைனு சொன்னதுக்கும் அவரு எறங்கனதுக்கும் நடுவுல மூச்சு உடற நேரம்கூட இல்ல. என் வாயிலேர்ந்து வந்த பச்சைதான் அவருக்கு எமனா ஆயிடுச்சுனு இருக்கு. இப்ப பச்சைனு சொல்ல வாயத் தொறந்தா சத்தம் வர்ல."

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னேன். "மேடுனு கத்தறவனா பாப்பா மேட்டக் கொண்டாந்து போட்டான்?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மேடு நடந்து வராது நைனா. ஆளு நடப்பான்."

சேறு காய்ந்து கால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் குளிக்கப் போகாமல் அவளுக்கு எதிரே உட்கார்ந்து பஞ்சுக் குச்சியை எடுத்தேன். அன்று நான் நெடுநேரம் உட்கார்ந்தபடியே இருந்ததைப் பார்த்து, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று மனைவி வந்து கேட்டாள்.

மறுநாளிலிருந்து நான் ஒரு பைத்தியக்காரத்தனம் ஆரம்பித்தேன். வண்டியை ஸ்டேஷனுக்கு முன்னால் நிறுத்துவேன். சிக்னலில் பச்சையைப் போடுவேன். கையை நீட்டி, "பச்சை" என்று சத்தமாகச் சொல்வேன். அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்ல மாட்டாள். சொல்லாததால் நான் வண்டியை எடுக்க மாட்டேன். காலையில் ஒரு முறை, மத்தியானம் சாப்பிட்டு ஒரு முறை, பட்டறையிலிருந்து ஏதோ எடுக்க வந்ததுபோல வந்து ஒரு முறை. வண்டி அங்கேயே நின்றது. "பொண்ண ஏன்யா பாடாப் படுத்தற?" என்று மனைவி சீறினாள். நியாயம்தான். நான் செய்வது உதவியா தொந்தரவா என்று எனக்கே நிச்சயமில்லை. நிறுத்தவும் முடியவில்லை. பெண் கோபப்படவில்லை, போகச் சொல்லவும் இல்லை. நின்ற வண்டியையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

லீவு முடிவதற்கு முந்தின நாள் காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து கூப்பிட்டாள். நுரையோடு ஓடினேன்.

"அந்த ஆளு எங்க?"

"எந்த ஆளு?"

"கைலி கட்டின ஆளு."

ஆணியில் மாட்டியிருந்த சட்டைப் பையில் கைவிட்டு எடுத்துக் கொடுத்தேன். ஒரு கால் கொஞ்சம் நசுங்கியிருந்தது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது யாரு?"

"நான்தான். உன் வண்டியப் பாக்க வந்து நிக்கறேன்."

அவள் முகம் என்னவோபோல் ஆயிற்று. அழப்போகிறாள் என்று பயந்தேன். பிளாட்பாரத்தின் கடைசியில் நான் முதலில் ஒட்டிய இடத்தில் பசை தழும்பாகத் தெரிந்தது. அங்கிருந்து இரண்டு விரல் வைத்து அளந்து, மஞ்சள் கோட்டுக்கு நன்றாகப் பின்னால், சுவரோரமாக அந்த ஆளை வைத்து அழுத்தினாள். பசை பிடிக்கும்வரை விரலை எடுக்கவில்லை.

பிறகு கன்ட்ரோலரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சிக்னலைப் பச்சையாக்கினாள். வலது கையை நீட்டினாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கையை இறக்கவில்லை. அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. அவள் இருமுவதுபோலத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பச்சை" என்றாள்.

நான் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"திருப்பிச் சொல்லு நைனா. சொல்லலனா எப்படி எடுக்கறது?"

பச்சை என்றேன். நுரை நெஞ்செல்லாம் தெறித்தது. வண்டி நகர்ந்தது. ஸ்டேஷனுக்குள் மெதுவாக வந்து, அந்த ஆளைத் தாண்டி, வளைவில் திரும்பி, மரத்தைச் சுற்றி மறுபடி வந்தது. அவள் அன்று எத்தனை சுற்று ஓட்டினாள் என்று தெரியாது. ஒவ்வொரு சுற்றுக்கும் சொன்னாள், நானும் திருப்பிச் சொன்னேன். அடுப்படியிலிருந்து அவள் அம்மாவும் ஒன்றிரண்டு முறை சொன்னாள், கோபத்தோடுதான்.

மறுநாள் போனாள். சரியாகிவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. "ஏறிப் பாக்கறேன், முடியலனா வந்துடுவேன்" என்றுதான் சொன்னாள். பாதிக் கடிதம் பையிலேயே இருந்தது. ரயிலைப் பிரிக்க வேண்டாம், தினமும் துடை, கிரீஸ் மட்டும் தடவாதே என்று சொல்லிவிட்டுத் திருப்பாலைவனம் வழியாகப் போகிற பொன்னேரி பஸ்ஸில் ஏறினாள்.

அவள் போனால் எனக்கு நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. முன்பு கதவுக்கு முன்னால் நடந்தேன், இப்போது பைக்கை எடுத்துக்கொண்டு அனுப்பம்பட்டுக்குப் போக ஆரம்பித்தேன். பொன்னேரி ஸ்டேஷன்தான் கிட்ட. ஆனால் அங்கே மீன் கூடையோடு நிற்கிற எங்கள் ஊர்ப் பெண்கள் எங்கே, எதற்கு, யாரைப் பார்க்க என்று துளைத்துவிடுவார்கள். அனுப்பம்பட்டில் என்னை யாருக்கும் தெரியாது. அவள் எந்த வண்டியில் வருவாள், எந்த நேரம் என்று அவள் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. உதிரிப் பாகம் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, வாரத்தில் இரண்டு மூன்று நாள் அந்தப் பிளாட்பாரத்தில் போய் நிற்பேன். கூட்ஸ் வண்டி வரும், தரை அதிரும், எஞ்சின் ஜன்னலில் யாரோ தெரிவார்கள், அதற்குள் போய்விடும். ஒரு நாள் ஒரு ஜன்னலில் நீட்டிய கை ஒன்றைப் பார்த்தேன். அவள் கையா என்று தெரியவில்லை. இருந்தாலும் பச்சை என்று சொன்னேன். பக்கத்தில் டிபன் பையோடு நின்ற ஒருவர் என்னைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து நின்றார்.

அன்று சாயங்காலம் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டாள். அம்மா எங்கே என்று கேட்டாள். எஞ்சின் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டாயா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

"அனுப்பம்பட்டுல நின்னுக்கினு இருந்தியே" என்றாள்.

துடைப்பதை நிறுத்தினேன். "பாத்தியா?"

"பாத்தேன். ரொம்ப ஓரத்துல நிக்கற. கோட்டுக்கு ரெண்டடி பின்னால நில்லு."

போனைக் காதில் வைத்தபடியே திரும்பிப் பார்த்தேன். பலகையில் அந்த ஆள் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான்.

"நைனா. திருப்பிச் சொல்லு."

"ரெண்டடி பின்னால" என்றேன்.